இருநூத்திப் பதினாலாவது வரிசை

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் நகட்டிக்கிறீங்களா? காலை மடக்க முடியல. முட்டி தேஞ்சுபோச்சு. முப்பத்தோரு வருசம் வரப்புல நின்ன காலு, இப்ப பஸ்ஸுல உக்காரக்கூட மாட்டேங்குது.

என்ன, உளுந்து விதையா? மஞ்சத் தேமல் வராதுன்னு புதுசா விட்டுருக்காங்களே, அதா? அப்படிச் சொல்லுங்க. போடுங்க, தைரியமாப் போடுங்க. வெள்ளை ஈ எத்தனை வந்து அப்பினாலும் இலை மஞ்சளாகாது. பக்கத்து வயல் பூரா மஞ்சக் குளிச்ச மாதிரி நிக்கும், உங்களுது பச்சையா நிக்கும். உனக்கெப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? அதைக் கண்டுபிடிச்சதே நான்தான்.

சிரிக்காதீங்க தம்பி. சிரிக்கிறீங்க பாருங்க. இப்படித்தான் எல்லாரும் சிரிக்கிறாங்க. வெள்ளைச் சட்டை, கண்ணாடி, பேருக்குப் பின்னால நாலு எழுத்து, இதெல்லாம் இருந்தாத்தான் கண்டுபிடிக்க முடியுமா? நான் சேந்தனூர் ஆராய்ச்சிப் பண்ணையில மேஸ்திரி. இப்ப இல்ல, ரெண்டு வருசம் ஆச்சு ஓய்வு குடுத்து. அடைக்கலம்னு பேரு. பண்ணையில யாரை வேணாலும் கேளுங்க. இப்பவும் அங்கதான் போறேன். பண்ணை விலக்குல எறங்கணும். ஒரு நியாயம் கேக்கப் போறேன்.

நீங்க தேவகோட்டைக்கா? அப்ப நேரம் இருக்கு. சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் சொல்றது நியாயமா இல்லையான்னு.

எங்க பண்ணையில நோய்க்காடுன்னு ஒண்ணு உண்டு. அரை ஏக்கர். அங்க மட்டும் மருந்து அடிக்கக் கூடாது. அடிச்சா மேடம் கொன்னுருவாங்க. ஏன்னா அங்க வளக்குறதே நோயைத்தான். ஒரு தடவை உங்கள மாதிரி ஒரு விவசாயி வந்து பாத்துட்டு, “ஏய்யா, நாங்க நோயை ஒழிக்க வழியில்லாம அலையிறோம், நீங்க சம்பளம் வாங்கிக்கிட்டு நோயை வளக்குறீங்களா”ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அவருக்குத் தெரியல. நோயைத் தாங்குற ஜீனுன்னு ஒண்ணு இருக்கு. அது செடிக்குள்ள இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. எந்தச் செடிக்குள்ள இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாச் செடிக்கும் நோயை விட்டுப் பாக்கணும். எது தாங்கி நிக்குதோ அதுக்குள்ள இருக்கு. அவ்வளவுதான் விசயம். இதைத்தான் அவங்க இங்கிலீசுல இருபது பக்கத்துக்கு எழுதுறாங்க.

எங்கெங்கிருந்தோ உளுந்து வரும். காட்டு உளுந்து, பழைய நாட்டு உளுந்து, வடக்க இருந்து வர்றது, மேடமே ஒட்டுச் சேத்தது, எல்லாத்துக்கும் ஒரு நம்பர். முன்னூறு நம்பர்னா முன்னூறு வரிசை. அஞ்சு வரிசைக்கு ஒரு வரிசை, சட்டுனு நோய் பிடிக்கிற ரகமாப் பாத்துப் போடுவோம். நோயைக் கொண்டு வர்ற வெள்ளை ஈ அதுலதான் மொதல்ல வந்து உக்காரும். அதுலேருந்து ரெண்டு பக்கமும் பரவும். பொம்பளைங்க அதுக்கு ஏமாளி வரிசைன்னு பேரு வச்சிருந்தாங்க. அது பாவம், சாகுறதுக்குன்னே போடுறது. சித்திரைப் பட்டத்துல வெயில் ஏற ஏற ஈ கூட்டம் கூட்டமா வரும். நாப்பது நாள்ல காடே மஞ்சளாயிரும். அப்ப மேடம் நோட்டை எடுத்துக்கிட்டு வருவாங்க. நான் வரிசையைப் பாத்து நம்பர் சொல்லணும். ஒண்ணுன்னா சுத்தப் பச்சை. ஒம்பதுன்னா முழு மஞ்சள். நான் வரப்புல நின்னுக்கிட்டு “ஏழு… ஒம்பது… ஒம்பது…”ன்னு சொல்லிக்கிட்டே போவேன், மேடம் எழுதிக்கிட்டே வருவாங்க. என் கண்ணு மேல அவ்வளவு நம்பிக்கை.

மேடம்னா மேகலா மேடம், பண்ணையோட விஞ்ஞானி. தங்கமானவங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா இப்ப சொல்லுவேன்.

அந்த வருசம், இருக்கும் பதினோரு வருசம், வைகாசி மாசம். நம்பர் இருநூத்திப் பதினாலு. வரிசை பூரா மஞ்ச மஞ்சேர்னு கெடக்கு, நடுவுல ஒத்தைச் செடி பச்சையா நிக்குது. அதைப் பாத்தது நான்.

பாத்தது நான்னா, நேரா நான் பாத்தேன்னு சொல்ல முடியாது. களை எடுத்துக்கிட்டிருந்த பொம்பளை ஆளு ஒருத்தி காட்டினா. வள்ளிக்கண்ணுன்னு பேரு. தினக்கூலி. ஆனா அவ காட்டினாலும், காட்டினது யாருக்கிட்ட? எங்கிட்டத்தானே? மேஸ்திரிதானே பாத்துச் சொல்லணும்?

இங்க ஒண்ணு உங்களுக்குச் சொல்லணும். ஆராய்ச்சிக் காட்டுல கலவன்னு ஒண்ணு உண்டு. ஒரு வரிசைன்னா எல்லாச் செடியும் ஒண்ணு போல நிக்கணும். ஒண்ணு மட்டும் நெட்டையா நின்னாலோ, இலை வேற மாதிரி இருந்தாலோ, அது கலவன். போன பட்டத்துல உதிர்ந்த விதை முளைச்சிருக்கும், இல்லைன்னா பையில கலந்திருக்கும். அதை அப்பவே பிடுங்கிடணும். விட்டா வரிசையே கெட்டுப்போகும், நாளைக்கு எந்த விதை எதுன்னு தெரியாமப் போயிரும். நான் அதுல ரொம்பக் கண்டிசன். எத்தனை பெரியாபீசர் வந்தாலும், அடைக்கலம் காட்டுல கலவன் இருக்காதுன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. முப்பத்தோரு வருசத்துல எத்தனை ஆயிரம் பிடுங்கியிருப்பேன், கணக்கே இல்ல.

அதனால வரப்புல வந்தவன் அவ காட்டுன பச்சையைப் பாத்ததும், “ஏய் வள்ளிக்கண்ணு, அது என்ன நிக்குது? பிடுங்கு”ன்னேன்.

“அது கலவன் இல்ல மேஸ்திரி”ங்கிறா. “இலையும் காம்பும் பூவும் எல்லாம் பக்கத்துல நிக்கிறது மாதிரியேதான் இருக்கு. மஞ்சளாகல, அவ்வளவுதான்.”

“மஞ்சளாகலைன்னாலே அது வேற. பிடுங்கு.”

“பதினஞ்சு நாளாப் பாத்துக்கிட்டு வர்றேன் மேஸ்திரி…”

“உன்னை யாரு பாக்கச் சொன்னா? களை எடுக்கத்தானே சொன்னேன்?”

தப்பா தம்பி? சொல்லுங்க. ஆறு பேரை வச்சு அரை ஏக்கரைச் சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு செடியைப் பாத்துக்கிட்டு நின்னா வேலை ஓடுமா? நான் சத்தம் போட்டதும், “சரி மேஸ்திரி”ன்னா. நானும் டீ குடிக்கப் போயிட்டேன். என் வேலை நோட்டுல எழுதினேன், நல்லா ஞாபகம் இருக்கு: ‘நோய்க்காடு. களை எடுப்பு. கலவன் நீக்கப்பட்டது. பெண் ஆள் ஆறு.’ பேரெல்லாம் யாரு எழுதுறது? எண்ணிக்கை இருந்தாப் போதும்.

மூணு நாள் கழிச்சு மேடம் நோட்டோட வந்தாங்க. நான் வழக்கம்போல வரப்புல நின்னு சொல்லிக்கிட்டே போறேன். இருநூத்திப் பத்து ஏழு, பதினொண்ணு ஒம்பது, பன்னண்டு ஒம்பது, பதிமூணு ஒம்பது, பதினாலு ஒம்பது. மேடம் எழுதல. வரிசைக்குள்ள எறங்கிட்டாங்க. “அடைக்கலம், இங்க வாங்க. இது என்ன?”

போய்ப் பாக்குறேன். அந்தச் சிறுக்கி பிடுங்கவே இல்ல! செடி ஜம்முனு நிக்குது. பக்கத்துல ஒரு குச்சி நட்டு, அதுல பழைய சீலைக் கரையைக் கிழிச்சுக் கட்டி வச்சிருக்கா. சுத்திக் கருவேல முள்ளை வேற நட்டு வச்சிருக்கா, மயில் கொத்தாம இருக்க. எனக்கு எப்படி இருக்கும்? என் காட்டுல கலவன், அதுவும் மேடம் கண்ணுல! ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. அந்தப் பொம்பளை சொல்பேச்சுக் கேக்காம விட்டுட்டா மேடம்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன்.

அப்பத்தான் மேடம் முகத்தைப் பாத்தேன். அவங்க திட்டுற மாதிரி இல்ல. மண்ணுல முட்டி போட்டு உக்காந்துட்டாங்க. பட்டுச்சீலை, அன்னிக்கு ஏதோ மீட்டிங்கு. இலையைப் புரட்டிப் புரட்டிப் பாக்குறாங்க. கண்ணெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு. “யாரு இதை விட்டு வச்சது?”ன்னு கேட்டாங்க.

“நான்தான் மேடம்”னேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? காட்டுக்கு மேஸ்திரி யாரு? ஒரு ஆளு தப்புப் பண்ணா மேடம் யாரைத் திட்டுவாங்க, வள்ளிக்கண்ணையா? என்னைத்தானே? தண்ணி அதிகமாப் போச்சா, அடைக்கலம். மாடு உள்ள வந்துருச்சா, அடைக்கலம். திட்டெல்லாம் எனக்கு, அப்ப நல்லது நடந்தா மட்டும் அவளுக்கா? இது என்ன நியாயம்?

அவ அங்கயேதான் நின்னா, களைக்கொட்டைக் கையில வச்சுக்கிட்டு. என்னைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

மேடம் அடுத்த கேள்வி கேட்டாங்க. “அடைக்கலம், இது எளஞ்செடியா இருக்கும்போது வெள்ளை ஈ வந்து உக்காந்துச்சா?” ஏன் கேட்டாங்கன்னா, அப்ப இலை முத்திப்போச்சு. ஈ எல்லாம் எளசு தேடி வேற பக்கம் போயிருச்சு. அன்னிக்குப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. முந்தி யாராச்சும் பாத்திருந்தாத்தான் உண்டு.

நான் என்ன சொல்றது? நான்தான் விட்டு வச்சேன்னு சொல்லியாச்சு. அப்ப நான்தானே தினமும் பாத்திருக்கணும்? பச்சையா நிக்குதுன்னா ஈ அண்டியிருக்காதுன்னு ஒரு கணக்குப் போட்டேன். “இல்ல மேடம். ஒரு ஈ கூட உக்காரல. தினமும் பாத்தேன்”னு சொன்னேன். மேடம் அதை அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டாங்க. அடியில கோடு வேற போட்டாங்க.

“மேடம்…”னு வள்ளிக்கண்ணு ஏதோ சொல்ல வந்தா. “நீ போயி மடையை மாத்தி விடு, தண்ணி வழியுது பாரு”ன்னு அனுப்பிட்டேன். பெரியவங்க பேசும்போது நடுவுல வர்றது எனக்குப் பிடிக்காது.

அந்தச் செடிக்கு அப்புறம் ராஜ மரியாதைதான். வலை போட்டாங்க. காவலுக்கு வள்ளிக்கண்ணையே போட்டேன், அவளுக்கும் ஒரு சந்தோசமா இருக்கட்டுமேன்னு. முப்பத்தோரு காய். ஒவ்வொரு காயா அவதான் பறிச்சுக் கவர்ல போட்டா. கவர் மேல மேடம் எழுதினாங்க. எம்பேரு போடுவாங்கன்னு பாத்தேன். நம்பர்தான் போட்டாங்க. சரி, அப்புறம் போடுவாங்கன்னு இருந்தேன்.

கண்டக்டர், பண்ணை விலக்குல நிக்கும்ல? நிக்கும்ல? சரி சரி. இவனுங்க நிறுத்தாமப் போயிருவானுங்க தம்பி, அதான் ரெண்டு தடவை கேட்டு வச்சிக்கிறது.

அடுத்த ரெண்டு பட்டமும் மழை. ஈ வருது, ஆனா நோய் சரியா வரல. நோய்க்காடே பச்சையா நிக்குது. நோய் வரலையேன்னு நாங்க வருத்தப்பட்டோம், ஊரு உலகத்துல எங்கயாச்சும் இந்தக் கூத்து உண்டா? நோய் வந்தாத்தானே எது தாங்குதுன்னு தெரியும்? மேடத்துக்குப் பொறுக்கல. ‘அந்தச் செடியில ஈயே உக்காரல’ன்னு நோட்டுல இருக்கே. அதனால பேரன் பேத்திச் செடிகள்ல எதுல ஈ குறைவா உக்காருதுன்னு எண்ணிப் பாத்து எடுக்க ஆரம்பிச்சாங்க. காலையில ஆறு மணிக்கு, ஈ பறக்குறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு இலையா மெதுவாப் புரட்டி எண்ணணும். ஈ அதிகம் உக்காந்த செடியைத் தள்ளிடுவாங்க. கம்மியா உக்காந்ததை மட்டும் விதைக்கு எடுப்பாங்க. ஈ உக்காருறது இலையில இருக்கிற மயிரைப் பொறுத்ததாம், அதையும் கண்ணாடி வச்சு எண்ணுனாங்க. மூணு வருசம் தம்பி. மூணாவது வருசம் வெயில் காஞ்சுது, நோய் நல்லா வந்துச்சு. அவங்க பொறுக்கி எடுத்தது அத்தனையும் பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாப் போச்சு. ஒண்ணு தப்பல. மேடம் வரப்புல உக்காந்துட்டாங்க. அந்தப் படிப்புப் படிச்சும் என்ன பிரயோசனம்? எனக்கே பாவமா இருந்துச்சு.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அதையும் சொல்லிடுறேன், இல்லைன்னா அடைக்கலம் மறைச்சுட்டான்னு வேற யாராச்சும் சொல்லுவாங்க. தினக்கூலி ஆளுங்கள்ல ஏழு பேரை நிரந்தரம் பண்றதுக்கு உத்தரவு வந்துச்சு. நிரந்தரம்னா சும்மா இல்ல, சாகுற வரைக்கும் பென்சன். வள்ளிக்கண்ணு பதினேழு வருசம் வேலை பாத்தவ. வயசு வரம்புக்கு ரெண்டு மாசம்தான் பாக்கி. இதை விட்டா அவளுக்கு அடுத்தது கெடையாது. அன்னிக்குச் சாயங்காலம் எங்கிட்ட வந்து நின்னா. “மேஸ்திரி, அந்தச் செடி சமாச்சாரத்தை மேடம் காதுல ஒரு வார்த்தை போட்டீங்கன்னா எனக்கு ஒதவும்”னா. கெஞ்சல்லாம் இல்ல. தண்ணி கேக்குற மாதிரி சாதாரணமாக் கேட்டா.

“பாக்குறேன்”னேன்.

மறுநாள் மேடமே கூப்புட்டுக் கேட்டாங்க. “அடைக்கலம், அந்த இருநூத்திப் பதினாலு விசயத்துல பொம்பளைங்க யாராச்சும் ஒதவுனாங்களா? இருந்தாச் சொல்லுங்க. சிறப்புப் பணின்னு ஒரு வரி எழுதுறேன், அது பலமா நிக்கும்.” நான் யோசிச்சேன். யோசிக்காம இல்ல. ஆனா நான்தான் விட்டேன்னு சொன்ன வாயால இப்ப அவதான் விட்டான்னு எப்படிச் சொல்றது? எம் மரியாதை என்னாகும்? அதான், “அப்படி யாரும் இல்ல மேடம்”னு சொல்லிட்டேன். ஏழு பேர் எடுத்தாங்க. அவ எட்டாவது. ஒரு எடத்துல தவறிப்போச்சு. வயசு தாண்டினதும் நின்னுட்டா. அது அவ விதி தம்பி, அதுக்கு நான் என்ன செய்யிறது? லிஸ்ட் போட்டது ஆபீசு. நானா போட்டேன்?

மேடம் தோத்துப்போய் நின்னாங்கன்னு சொன்னேன்ல, அதுக்கு அடுத்த மாசம். கல்லங்குடிப் பக்கம் ஒரு விவசாயி வயல்ல மஞ்சத் தேமல்னு பாக்கப் போயிருக்காங்க. அங்க கூலிக்குக் களை எடுத்துக்கிட்டு நின்னது யாருன்னு நினைக்கிறீங்க? அவதான். மேடம் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சு, நல்லா இருக்கியான்னு கேட்டிருக்காங்க. ஜீப் டிரைவர் அந்தோணி பக்கத்துல நின்னவன், அவன்தான் எனக்குச் சொன்னான். பேச்சு வாக்குல மேடம், “அந்தச் செடியில ஈயே உக்காராதாம், அதோட பிள்ளைங்கள்ல ஈ உக்காராததா எடுத்தும் எல்லாம் மஞ்சளாப் போச்சு வள்ளிக்கண்ணு”ன்னு பொலம்பியிருக்காங்க.

அதுக்கு அவ, “ஈ உக்காரலைன்னு யாரு மேடம் சொன்னது? மாவு தூவுன மாதிரி அப்பிக்கிட்டு இருந்துச்சு. ஏமாளி வரிசையை விட அதுலதான் அதிகம். அவ்வளவு ஈ உறிஞ்சியும் அது மஞ்சளாகல. அதனாலதானே நான் அதைப் பிடுங்கல”ன்னுட்டா.

முடிஞ்சுது கதை. மேடம் அங்கயே வரப்புல நின்னுட்டாங்களாம். ஈயை வரவிடாத ஜீன் இல்லையாம் அது. ஈ வந்து கடிச்சாலும் நோயை உள்ள பெருக விடாத ஜீனாம். மூணு வருசமா எதை எடுக்கணுமோ அதைத் தள்ளிட்டு, எதைத் தள்ளணுமோ அதை எடுத்து வச்சிருக்காங்க. நல்லவேளை, அந்த முப்பத்தோரு காயில கொஞ்சம் விதை குளிர் ரூம்புல மிச்சம் இருந்துச்சு. அதை எடுத்து, வலைக்கூண்டுக்குள்ள போட்டு, ஈயைக் கொண்டாந்து உள்ள விட்டு, மறுபடி முதல்லேருந்து. அதுலதான் ஜீன் கெடைச்சது. அதுலேருந்துதான் இப்ப நீங்க வச்சிருக்கிற ரகம்.

மேடம் என்னை ரூமுக்குக் கூப்புட்டாங்க. கதவைச் சாத்தச் சொன்னாங்க. “ஈ உக்காந்துச்சா, உக்காரலையா?”ன்னு கேட்டாங்க. “எத்தனையோ வருசம் ஆச்சு மேடம், எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”னேன். “தினமும் பாத்தேன்னு சொன்னீங்களே அடைக்கலம்”னாங்க. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. அதுக்கப்புறம் நோய்க்காட்டுல நம்பர் சொல்ல என்னைக் கூப்புடல. அவங்களே எறங்கிப் போய்ப் பாத்து எழுதிக்கிட்டாங்க. ஓய்வு பெறுற வரைக்கும் நான் கிணத்து மோட்டாரைப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். என்ன அவமானம் தெரியுமா? ஒரு வார்த்தை, ஒத்தை வார்த்தை தெரியாமச் சொன்னதுக்கு!

போன மாசம் ரகம் வெளியீட்டு விழா. எனக்கும் அழைப்பு வந்துச்சு. வெள்ளை வேட்டி சட்டை போட்டு, சவரம் பண்ணி, முன் வரிசையில போய் உக்காந்தேன். எம் மருமகன் போன்ல போட்டோ எடுக்கத் தயாரா நிக்கிறான். ஒரு புத்தகம் குடுத்தாங்க, ரகத்தோட வரலாறு. பிரிச்சுப் பாக்குறேன். மொத பக்கத்துலயே தமிழ்ல கொட்டை எழுத்துல: ‘நோய் தாங்கிய முதல் செடியைக் கண்டறிந்து காத்தவர் திருமதி வள்ளிக்கண்ணு, தினக்கூலிப் பணியாளர்.’ மேடம் மைக்குலயும் அதையே சொன்னாங்க. இங்கிலீசுப் பத்திரிகையிலயும் அவ பேரைப் போட்டாச்சுன்னு வேற சொன்னாங்க. எம் பேரைத் தேடுறேன், தேடுறேன். கடைசிப் பக்கத்துல ‘பண்ணைப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி’ன்னு இருக்கு. அனைவருக்குமாம்! முப்பத்தோரு வருசம் உழைச்ச மேஸ்திரி, அனைவருக்கும்ங்கிறதுல எந்த மூலையில இருக்கேன்? ஆளுக்கு ஒரு பேரு இல்லையா? எண்ணிக்கையில சேத்துட்டா ஆச்சா? மருமகன் போனைப் பையில வச்சுட்டான்.

பொன்னாடை போத்தணும்னு அவளை மேடைக்குக் கூப்புட்டாங்க. ரெண்டு தடவை கூப்புட்டாங்க. அவ வரவே இல்ல. நடவுக்குப் போயிட்டாளாம். அன்னிக்குக் கூலியை விட முடியாதாம். பாருங்க, மரியாதை தெரியாத சனம். அவளுக்குப் போய்க் குடுக்குறாங்க.

எனக்கு மனசு ஆறல. நாலு நாளைக்கு முன்னாடி அவ வீட்டுக்கே போயிட்டேன். போனதும் எந்திரிச்சு நின்னா, பழக்கம் விடல. “வாங்க மேஸ்திரி”ன்னு பாயை உதறிப் போட்டா. தண்ணி குடுத்தா. இப்ப நடவு, களை, நூறு நாள் வேலைன்னு ஓடுதாம். இடுப்பு பிடிச்சுக்கிட்டு நிமிர முடியல, பாத்தா என்னை விட மூத்தவளாத் தெரியிறா. அவளைப் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் வந்த விசயத்தைச் சொன்னேன்.

“வள்ளிக்கண்ணு, நீ மேடத்துக்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். மேஸ்திரி விடச் சொல்லித்தான் விட்டேன்னு சொல்லிடு. இந்தப் பேரு உனக்குச் சோறு போடப் போகுதா? எனக்குன்னா அது மரியாதை. பேரப்பிள்ளைங்க பாக்கும்.”

அவ தண்ணிச் செம்பை ஓரமா வச்சா. கோவமெல்லாம் இல்ல. அப்புறம் சொன்னா: “மேஸ்திரி, பதினேழு வருசம் நீங்க சொன்னதையெல்லாம் செஞ்சேன். பிடுங்குன்னா பிடுங்கினேன். போன்னா போனேன். ஈ உக்காந்துச்சுன்னு சொல்ல வந்தப்ப மடையை மாத்துன்னீங்க, மாத்தினேன். அந்த ஒரு நாள், அந்த ஒரு செடிக்கு மட்டும்தான் உங்க பேச்சை நான் கேக்கல. வேலை போச்சு, பென்சன் போச்சு. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்த ஒண்ணுதான். அதையும் நீங்க சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லச் சொல்றீங்களே.”

அவ்வளவுதான். மறுபடி தண்ணி வேணுமான்னு கேட்டா. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

திமிரு பாத்தீங்களா? முகத்துக்கு நேரா! பேச்சைக் கேக்கலைன்னு பெருமையாச் சொல்றா. அதுக்கு ஒரு புத்தகம், ஒரு பொன்னாடை.

என்ன தம்பி? ஜன்னலைப் பாக்குறீங்க. பாருங்க, பாருங்க. இன்னும் ரெண்டு ஸ்டாப்புதான்.

வீட்டுக்கு வந்து நான் யோசிச்சேன். நல்லா யோசிச்சேன். அவ சொன்னதுலயே எனக்கு ஒரு பிடி கெடைச்சது. எம் பேச்சைக் கேக்கலைன்னு அவ வாயாலயே சொல்றாள்ல? அப்ப நான் ஒண்ணு சொல்லியிருக்கேன்னு ஆகுதுல்ல? நான் பிடுங்குன்னு சொன்னதாலதானே அவ பிடுங்காம விட்டது பெரிய விசயமாப் போச்சு? நான் அந்தப் பக்கமே போகாம இருந்திருந்தா அவ எதை மீறியிருப்பா? அது சும்மா நின்ன செடி, அவ சும்மா நின்ன ஆளு, அவ்வளவுதானே? அப்ப அதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கா இல்லையா? அதைத்தான் இப்ப மேடத்துக்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன். எழுதியே வச்சிருக்கேன், ரெண்டு பக்கம்.

அவ பேரை எடுக்கச் சொல்ல மாட்டேன். அது இருந்துட்டுப் போகட்டும். அடுத்த தடவை அச்சடிக்கும்போது அவ பேருக்குக் கீழ எம் பேரையும் போடட்டும். அடைக்கலம், மேஸ்திரி. என்னன்னு போடுறதுன்னு மேடம் கேப்பாங்க. கேக்கட்டும். பிடுங்கச் சொன்னவர்னு போட்டாக்கூடப் பரவாயில்ல தம்பி. ஏதாச்சும் ஒண்ணு போடட்டும்.